கிழிக்கப்பட்ட கடன்பத்திரம்

மனிதன் ஒன்றை விரும்புகிறான். அதைத் தருவதாகச் சொல்லி ஒருவன் எதிரே வந்து நிற்கிறான். அதற்குரிய விலை எவ்வளவு என்பது, விரும்பியது கைக்கு வந்த பிறகே தெரிகிறது. பல நாடுகளிலும் பல மொழிகளிலும் வழங்கிவரும் பழங்கதை இது. திரைப்படக் கலை தோன்றிய சில ஆண்டுகளிலேயே இக்கதையைத் தனதாக்கிக்கொண்டது. பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மெலியே 1903 ஆம் ஆண்டிலேயே ஃபவுஸ்ட் கதையைப் படமாக்கினார். 1913 இல் செருமனியில் வெளிவந்த 'பிராகு நகரின் மாணவன்' என்னும் படத்தில், வறிய மாணவன் ஒருவன் பெருஞ்செல்வத்திற்காக ஒப்பந்தம் எழுதுகிறான். அறையில் உள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது விலை. வெறும் அறைதானே என்று அவன் கையெழுத்திட, வந்தவனோ கண்ணாடியில் தெரிந்த அவனது உருவத்தையே அழைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இவ்வரிசையில் தலையாயது, 1926 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'ஃபவுஸ்ட்' என்னும் ஊமைப்படம். இயக்கியவர் முர்னாவ். ஒரு செருமானிய நாட்டுக்கதை என்பதே அதன் துணைத்தலைப்பு. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும், உறங்கும் நகரத்தின் மேல் தன் கரிய சிறகுகளை விரித்துக் கொள்ளைநோயைப் பரப்பும் அலகையின் உருவம் பார்ப்போர் நெஞ்சை நடுங்கச் செய்கிறது. ஆயினும் நான் எழுத விரும்புவது அந்த நடுக்கத்தைப் பற்றியன்று. அப்படத்தின் பின்னே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வரலாறு முழுவதும் ஒரே ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: அலகையிடம் எழுதிக் கொடுத்த பத்திரத்தை மனிதன் மீட்டுக்கொள்ள முடியுமா?

அதானா நகரத்துத் தியோபிலுஸ்

இக்கதையின் மிகப் பழைய கிறித்தவ வடிவங்களுள் ஒன்று, இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியிலுள்ள அதானா நகரில் நிகழ்வதாகச் சொல்லப்படுகிறது. காலம் ஆறாம் நூற்றாண்டு. அந்நகரத் திருச்சபையின் சொத்துகளைப் பொறுப்பாக நிருவகித்துவந்தவர் தியோபிலுஸ். மக்கள் அவரை ஆயராகத் தேர்ந்தபோது, தகுதியற்றவன் என்று தாழ்மையோடு மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஆயர், பிறர் சொற்கேட்டு அவரைப் பணியிலிருந்தே நீக்கிவிட்டார். தாம் செய்யாத தவற்றுக்காக இழந்த பெயரை மீண்டும் பெற வேண்டும் என்பதே தியோபிலுஸ் கொண்ட ஆசை. அந்த ஆசையில் அநீதி எதுவும் இல்லை. அதை நிறைவேற்றிக்கொள்ள அவர் நாடிய வழிதான் கொடியது. கிறிஸ்துவையும் அவருடைய அன்னையையும் மறுதலித்து ஒரு பத்திரம் எழுதி, முத்திரையிட்டு அலகையிடம் கொடுத்தார். மறுநாளே பதவி திரும்பக் கிடைத்தது.

பின்னர் மனம் கலங்கிய அவர், நாற்பது நாள் நோன்பிருந்து தூய கன்னி மரியாவின் பரிந்துரையை வேண்டி அழுதார். ஒரு நாள் கண்விழித்தபோது அப்பத்திரம் அவருடைய மார்பின்மேல் கிடந்தது. ஞாயிறன்று இறைமக்கள் அனைவர் முன்னிலையிலும் தம் பாவத்தை அறிக்கையிட்டார். பத்திரம் தீயிலிடப்பட்டது. மூன்று நாள் கழித்து அவர் அமைதியாக உயிர்துறந்தார்.

கிரேக்கத்தில் எழுந்த இவ்வரலாறு ஒன்பதாம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு வந்தது. பத்தாம் நூற்றாண்டில் செருமானியக் கன்னியர் மடத்தில் வாழ்ந்த ரோஸ்விதா இதைக் காவியமாகப் பாடினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் ருத்தபெஃப் நாடகமாக்கினார். பாரிசு நோத்ரு தாம் பேராலயத்தின் வடக்கு வாயிலில் இக்கதை கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. எழுதப்படிக்கத் தெரியாத ஏழையும் அவ்வாயிலில் நின்று, அன்னை மரியா அலகையை அடக்கிப் பத்திரத்தை மீட்பதைக் கண்ணால் கண்டு உள்ளே நுழைந்தான்.

இக்கதையில் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தியோபிலுஸை அலகையிடம் அழைத்துச் செல்லும் சூனியக்காரன் ஒரு யூதன் என்று கதை கூறுகிறது. இத்தகைய சித்திரிப்புகள் கிறித்தவர்களின் நெஞ்சில் யூத மக்கள்மீது பல நூற்றாண்டுகளாக வெறுப்பை வளர்த்தன. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவமல்லாத சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், யூதருக்கு எதிரான பகைமையை வெளிப்படையாகக் கண்டித்தது. மன்னிப்பைப் பற்றிய இந்த அழகிய கதைக்குள்ளேயே மன்னிப்புக் கேட்கப்பட வேண்டிய ஒரு கறையும் ஒட்டியிருந்தது.

கிழிபடாத பத்திரம்

ஃபவுஸ்ட் வெறும் கற்பனை மனிதன் அல்லன். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பெயர் கொண்ட ஒருவன் செருமானிய நகரங்களில் சோதிடனாகவும் மாயவித்தைக்காரனாகவும் சுற்றித் திரிந்தான். 1507 இல் மடாதிபதி திரித்தேமியுஸ் எழுதிய கடிதம் ஒன்று அவனைத் தற்பெருமை பேசும் போலி என்று சாடுகிறது. 1520 இல் பாம்பர்க் ஆயருக்குச் சாதகம் கணித்ததற்காக அவன் 10 கில்டர் பெற்றதாகக் கணக்கேட்டில் பதிவுள்ளது. 1528 இல் இங்கோல்ஸ்டாட் நகரம் அவனை வெளியேற்றியது. 1540 ஐ ஒட்டி அவன் இறந்திருக்க வேண்டும்.

அவன் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1587 இல், பிராங்க்பர்ட் நகர அச்சகர் யோகான் ஸ்பீஸ் அவனைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஆசிரியர் பெயர் அதில் இல்லை. லூத்தரன் மரபைச் சார்ந்தவர் என்பது மட்டும் தெளிவு. விண்ணிலும் மண்ணிலும் உள்ளவற்றையெல்லாம் அறிந்துவிட விரும்பிய ஃபவுஸ்ட், 24 ஆண்டுகளுக்குத் தன் ஆன்மாவை விற்று இரத்தத்தால் கையெழுத்திடுகிறான். முதியவர் ஒருவர் அவனை மனந்திரும்ப அழைக்கிறார். அவனும் இளகுகிறான். ஆனால் அலகை மிரட்டியதும் அஞ்சி, இரண்டாம் முறையும் இரத்தத்தால் எழுதிக் கொடுக்கிறான். காயினைப்போல, தன் பாவம் மன்னிக்க முடியாத அளவு பெரிது என்று எண்ணிக்கொண்டே அழிகிறான்.

தியோபிலுஸின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரம் அதே பத்திரம்தான். ஆனால் இங்கே அதைத் திரும்பப் பெற்றுத்தர எவரும் இல்லை. பழைய சமய வழக்குகளை மீண்டும் தோண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதன் இறையருளாலேயே மீட்கப்படுகிறான் என்பதை லூத்தரைக் காட்டிலும் உரக்கச் சொன்னவர் அக்காலத்தில் குறைவு. 1999 அக்டோபர் 31 ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. 1587 ஆம் ஆண்டு நூலின் நோக்கம் எச்சரிப்பது. அச்சத்தால் மனிதரைத் திருத்தலாம் என அது நம்பியது. அந்த அச்சத்தின் நடுவிலும் உண்மை ஒன்றை அது சரியாகக் கண்டுகொண்டது. ஃபவுஸ்டை அழித்தது முதலில் எழுதிய பத்திரம் அன்று. அது இனிக் கிழிபடாது என்று அவன் கொண்ட அவநம்பிக்கையே. நம்பிக்கை இழப்பதைத் தூய ஆவிக்கு எதிரான பாவங்களுள் ஒன்றாக நம் மறையியல் மரபு எண்ணுவதும் இதனாலேயே.

அந்நூல் விரைவில் ஆங்கிலத்துக்குச் சென்றது. கிறிஸ்டபர் மார்லோ அதை நாடகமாக்கினார். ஆங்கில நடிகர் குழுக்களால் நாடகம் செருமனிக்குத் திரும்பி, நாளடைவில் சந்தைகளில் பொம்மலாட்டமாக மாறியது. அந்தப் பொம்மலாட்ட மரபிலிருந்தே கவிஞர் கெதே இக்கதையை அறிந்துகொண்டார்.

ஃபவுஸ்ட் கதைக்குள் கிரெட்சன் என்னும் ஏழைப் பெண்ணைக் கொண்டுவந்தவர் கெதே. அவளுக்குப் பின்னே நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிராங்க்பர்ட்டில் விடுதி ஒன்றில் பணிசெய்த சூசன்னா மார்கரேத்தா பிராண்ட் என்னும் பெண், பெற்ற குழந்தையைக் கொன்றாள் என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 1772 சனவரி 14 ஆம் நாள் வாளால் வெட்டப்பட்டாள். கெதே அப்போது அதே நகரில் இளம் வழக்கறிஞர். கதையின் நடுவே இப்பெண் வந்த பிறகு, பழைய கணக்கு மாறிவிட்டது. அதுவரை விலை கொடுத்தவன் விரும்பியவனே. இப்போது, அவன் விரும்பியதற்காக வேறொருத்தி விலை கொடுக்கிறாள். 1808 இல் வெளிவந்த முதற்பகுதியும், அவர் மறைந்த 1832 ஆம் ஆண்டிலேயே வெளிவந்த இரண்டாம் பகுதியும் ஐரோப்பா முழுவதும் பரவின. இரண்டாம் பகுதியின் முடிவில் ஃபவுஸ்ட் மீட்கப்படுகிறான்.

முதல் விருப்பம்

இத்தனை மரபுகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் முர்னாவ் படம் எடுத்தார். அவர் முதல் உலகப் போரில் விமானியாகப் பணிபுரிந்தவர். பிணக்குவியலையும் பசியையும் கொள்ளைநோயையும் அண்மையில் கண்டிருந்த மக்களுக்காக எடுக்கப்பட்ட படம் அது. போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் குதிரைகளில் ஏறிப் பாய்ந்து வருவதாகவே படம் தொடங்குகிறது. ஃபவுஸ்டின் உள்ளத்திலுள்ள இறைத்தன்மையை அழித்துவிட்டால் உலகம் முழுவதும் உனக்கே என்று வானதூதர் அலகையோடு பந்தயம் கட்டுகிறார். யோபு நூலின் முதல் அதிகாரம் நினைவுக்கு வருகிறது அல்லவா?

முதிய அறிஞர் ஃபவுஸ்ட் நோயாளர்களைக் காக்க அரும்பாடுபடுகிறார். மருந்தும் இறைவேண்டலும் பயன்தரவில்லை. தம் நூல்களையெல்லாம் தீயில் எறிகிறார். எரியும் ஏடொன்றில் அலகையை அழைக்கும் முறை தெரிகிறது. நள்ளிரவில் நாற்சந்திக்குச் சென்று அழைக்கிறார். கண்கள் ஒளிர அங்கே ஒருவன் அமர்ந்திருக்கிறான். அஞ்சி ஓடும் ஃபவுஸ்டுக்கு முன்னே, வழி திரும்பும் இடமெல்லாம் அவனே உட்கார்ந்து தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறான். ஒரே ஒரு நாள் மட்டும் சோதித்துப் பார்க்கலாம், மணற்கடிகை வடிந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்கிறான். பிறர் பிணி தீர வேண்டும் என்பதற்காகவே ஃபவுஸ்ட் கையெழுத்திடுகிறார்.

இந்த இடத்தில்தான் படம் தன் மூலநூல்களை விஞ்சி நிற்கிறது என்று கருதுகிறேன். ஃபவுஸ்டின் முதல் விருப்பம் தீயதன்று. அது இரக்கத்தில் பிறந்தது. தியோபிலுஸ் விரும்பியதும் நியாயமானதே. பாலை நிலத்தில் நம் ஆண்டவரிடம் வந்த சோதனைக்காரன் முதலில் காட்டியது பொன்னையோ அரியணையையோ அன்று. பசித்தவருக்கு அப்பத்தைத்தான் காட்டினான். நல்ல விருப்பத்தின் வாயில் வழியாகவே அலகை நுழைகிறது. தீய விருப்பத்தோடு வந்தால் நாம் கதவைத் திறக்கமாட்டோம் என்பது அதற்குத் தெரியும்.

நோயாளர் குணமடைகின்றனர். மக்கள் ஃபவுஸ்டின் கால்களில் விழுகின்றனர். பிறகு, சாகும் நிலையிலுள்ள ஒரு பெண்ணைக் கொண்டுவருகின்றனர். அவள் கையில் சிலுவை இருக்கிறது. ஃபவுஸ்டால் அதை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. உண்மையை உணர்ந்த கூட்டம் கல்லெறிகிறது. நன்மை செய்யவே பெற்ற ஆற்றல், எல்லா நன்மைக்கும் ஊற்றான சிலுவையிலிருந்து அவரைப் பிரித்துவிட்டது. மனம் உடைந்து நஞ்சருந்த முற்பட்டவரிடம் அலகை அடுத்த ஆசையை நீட்டுகிறது: இழந்த இளமை. முதல் விருப்பம் பிறருக்காக, இரண்டாவது தனக்காக. இளைஞனாகி, இன்பத்தின் வாசலில் நிற்கும் வேளையில் மணற்கடிகை வடிந்துபோகிறது. அவனே, ஒப்பந்தம் என்றென்றைக்கும் நீடிக்கட்டும் என்கிறான்.

பிறகு சொந்த ஊர் திரும்புகிறான். உயிர்ப்புப் பெருவிழா நாளில் பேராலயத்திற்குச் செல்லும் கிரெட்சனைக் காண்கிறான். அவன் விருப்பத்திற்கு விலையாக அவளுடைய தாய் இறக்கிறாள். அண்ணன் வாலன்டின் குத்துண்டு மடிகிறான். ஊர் அவளைத் தண்டனைக் கம்பத்தில் நிறுத்தி இகழ்கிறது. பனிக்காலத்தில் கைக்குழந்தையோடு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். கிறித்தவர் வீடுகள்தாம், ஒன்றும் திறக்கவில்லை. குளிரில் மதி மயங்கி, பனிக்குவியலைத் தொட்டில் என்று எண்ணிக் குழந்தையை அதில் கிடத்துகிறாள். குழந்தை இறக்க, கொலைகாரி என்று அவளை எரிக்கத் தீர்ப்பாகிறது. அவளுடைய அலறல் மலைகளைக் கடந்து ஃபவுஸ்டை எட்டுகிறது.

ஓடிவந்தவன், தான் பெற்ற இளமையைத் தானே சபிக்கிறான். சபித்த கணமே அலகை அதைப் பறித்துக்கொள்கிறது. முதியவனாய், கூட்டத்தைப் பிளந்துகொண்டு எரியும் விறகுக் குவியலில் ஏறுகிறான். கிரெட்சன் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். இருவரும் தீயில் ஒன்றாகின்றனர். தன் பங்கைக் கேட்டு நிற்கும் அலகையிடம், ஒரே ஒரு சொல் உன் ஒப்பந்தத்தை அழித்துவிட்டது என்கிறார் வானதூதர். அச்சொல் அன்பு.

படத்திற்கு வெளியே

கதை திரையோடு முடியவில்லை. இப்படத்தைத் தயாரித்த 'ஊஃபா' நிறுவனம் அக்காலத்தில் கடனில் தத்தளித்தது. 1925 ஆம் ஆண்டின் இறுதியில் இரு அமெரிக்க நிறுவனங்களிடம் 40 இலட்சம் டாலர் கடன் பெற்று, தன் திரையரங்குகளில் அவர்களுடைய படங்களுக்கு இடம் தந்தது. அதனாலும் மீளாமல் 1927 இல் ஆல்ஃபிரட் ஹூகன்பர்க் என்னும் தீவிர தேசியவாதப் பத்திரிகை முதலாளியின் கைக்குப் போனது. அவர் 1933 சனவரியில் ஹிட்லரின் அமைச்சரவையில் இடம்பெற்றார். வேலையும் நாட்டின் மானமும் திரும்ப வேண்டும் என்று விரும்பிய ஒரு மக்களினம், அவற்றைத் தருவதாகச் சொன்னவனிடம் தன்னையே எழுதிக் கொடுத்தது. அதற்குரிய விலையைப் பல இலட்சம் கிரெட்சன்கள் கொடுத்தனர்.

அலகையாக நடித்த எமில் யானிங்ஸ் ஹாலிவுட்டுக்குச் சென்று, சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கர் விருதை 1929 இல் பெற்றார். பின்னர் தாயகம் திரும்பி, நாசி ஆட்சியின் கீழ் பெரும் புகழோடு நடித்தார். 1941 இல் வெளிவந்த அவருடைய 'ஓம் குரூகர்' அவ்வாட்சியின் பரப்புரைப் படமே. போருக்குப் பின் மீண்டும் நடிக்க வழியின்றி 1950 இல் ஆஸ்திரியாவில் மறைந்தார். வாலன்டினாக நடித்த வில்லியம் டீட்டர்லே 1930 இல் அமெரிக்கா சென்று இயக்குநரானார். நாசிகளிடமிருந்து தப்பிவந்த கலைஞர்களுக்குத் துணைநின்றார். அவரும் 1941 இல் ஒரு படம் எடுத்தார். ஏழு ஆண்டு நல்வாழ்வுக்காக ஆன்மாவை விற்ற அமெரிக்க உழவன் ஒருவனுக்காக, வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர் அலகையின் நீதிமன்றத்தில் வாதாடி அவனை மீட்கும் கதை அது. ஒரே படத்தில் நடித்த இருவர், ஒரே ஆண்டில், ஒருவர் பத்திரத்துக்குப் பணிந்தும் மற்றவர் அதை எதிர்த்து வாதாடியும் நின்றனர்.

நமக்குரியது

அன்பு என்னும் சொல்லோடு முர்னாவின் படம் முடிவது அழகே. ஆனால் மறையியல் பயின்றவனுக்கு அங்கே ஒரு தயக்கம் எழுகிறது. எந்த அன்பு? ஃபவுஸ்ட் கிரெட்சன்மீது முதலில் கொண்டதும் அன்பு என்றே சொல்லப்பட்டது. அது அவளை அழித்தது. அவனை மீட்டது, தான் பெற்றதை உதறிவிட்டு, அவளுடைய தண்டனையில் பங்குகொள்ள நெருப்பில் ஏறிய அன்பு. அது எங்கிருந்து வருகிறது என்று படம் சொல்வதில்லை. நமக்குத் தெரியும். நமக்கு எதிராக நின்ற கடன்பத்திரத்தைச் சிலுவையில் அறைந்து கடவுள் அழித்துவிட்டார் என்று தூய பவுல் கொலோசையருக்கு எழுதியிருக்கிறார். தியோபிலுஸின் பத்திரம் மக்கள் முன் எரிந்ததும் அந்த ஒரே நெருப்பிலிருந்துதான்.

அப்படியானால், ஆசைப்படுவதே தவறா? இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று விரும்பினார். அதைத் தந்தையிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தந்தையின் திருவுளத்துக்கே விட்டுவிட்டார். விருப்பம் இருந்தது, ஒப்பந்தம் இல்லை. பிள்ளையின் நோய்க்காக, மகளின் திருமணத்திற்காக, வேலைக்காக நாம் மன்றாடுவதும் நேர்ச்சை செய்வதும் நல்லதே. நன்றியின் அடையாளமாக நேர்ச்சை இருக்கும்வரை அது இறைவேண்டல். 'நான் இதைத் தந்தேன், நீர் அதைத் தர வேண்டும்' என்று கணக்கிடத் தொடங்கினால், பலிபீடம் கடைப்பலகை ஆகிவிடுகிறது. கேட்டது கிடைக்காதபோது வேறு கடை தேடிப் போகவும் மனம் துணிகிறது. தியோபிலுஸும் ஃபவுஸ்டும் அப்படித்தான் போனார்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. ஒரு கையூட்டு, ஒரு பொய்ச் சான்று, குடும்பத்தின் நன்மைக்காகவே என்று தொடங்கிய ஒரு தவறு, இனித் திரும்ப முடியாது என்று எண்ணிப் பல ஆண்டுகளாய் ஒப்புரவு அருளடையாளத்தை நாடாமல் விலகி நிற்பவர்கள். அவர்களுக்காகவே இவ்வளவும் எழுதினேன். முதல் பத்திரம் ஃபவுஸ்டைக் கொல்லவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதானா நகரத்து முதியவரின் பத்திரத்தை எரித்த இறைவன், உங்கள் பத்திரத்தையும் எரிக்கக் காத்திருக்கிறார். எழுந்து சென்று, அதை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.